பச்சை மையில் ஒரு பதில்

கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மில்லை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, திருவண்ணாமலை லெண்டிங் லைப்ரரியில் எடுத்த ஒரு நாவல். மில்லில் சண்டை எதுவும் இல்லை. வேலை முடிந்தது, போகச் சொன்னார்கள். வேறு எந்த ஊருக்கும் போயிருக்கலாம். திருவண்ணாமலைப் பக்கம் திரும்பியது அந்த நாவலின் கடைசித் தாளில் இருந்த ஒரு வரிக்காக.

கிறிஸ்துமஸ் காதல் கதை அது. மலைத்தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். ஐந்து வருஷத்துக்கு முன் சொல்லாமல் போனவன் கிறிஸ்துமஸ் அன்று மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். மேஜையில் கேக் வெட்டாமல் இருக்கிறது.

வாடகைக்குப் புத்தகம் தரும் அந்த லைப்ரரிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படித்தவர்கள் பின்னாலிருக்கும் வெற்றுத் தாளில், பெயர் போடாமல் கருத்து எழுதுவார்கள். ‘அழுதுவிட்டேன்.’ ‘நெஞ்சு நிறைந்தது.’ ‘தங்கைக்கும் படித்துக் காட்டினேன், இரண்டு பேரும் தூங்கவில்லை.’ ஏழாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகப் போன எனக்குப் பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. கதைகளைவிட அந்தத் தாள்களைத்தான் அதிகம் படித்தேன். அந்தத் தங்கைக்கு என்ன வயது இருக்கும் என்றெல்லாம் யோசித்திருக்கிறேன்.

நானும் ஒரு வரி எழுதினேன். ‘பொய். இத்தனை வருஷம் கழித்துப் போனால் யாரும் திறக்க மாட்டார்கள்.’ ஒருமுறை என் வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது.

அடுத்த மாதம், யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா என்று அதே நாவலை மறுபடி எடுத்தேன். என் வரிக்குக் கீழே பச்சை மையில் சாய்வாக, ‘நான் திறப்பேன்’ என்று இருந்தது.

எழுதியது யார் என்று கேட்டுவிட வேண்டும். கேட்டு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

“வாய்யா மில்லுக்காரரே. புக்கோட ஓடிட்டன்னு நெனச்சேன்” என்றார் கடைக்காரர்.

கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினேன். “இத எழுதினது யாருங்க?”

“இன்னாத்துக்கு?”

“சும்மா, தெரிஞ்சிக்கலாம்னு.”

என் முகத்தையும் பையையும் பார்த்தார். “நான்தான்யா.”

“மேல இருக்கறதுங்க?”

“அதுவும் நான்தான். நாலு கலர் பேனா வெச்சிருக்கேன். நாலு பேரு எழுதியிருந்தாதான் அஞ்சாவது ஆளு எடுப்பான். நீ பாட்டுக்கு பொய்னு எழுதிட்டுப் போயிட்ட. எடுக்க வந்தவங்கல்லாம் அதப் பாத்துட்டு திரும்ப வெச்சுட்டாங்க. அதான் கீழ ஒண்ணு போட்டேன்.”

“அழுதுட்டேன்னு எழுதியிருக்கீங்களே?”

“படிச்சாதானேய்யா அழறதுக்கு!” என்று சிரித்தார்.

அந்தத் தாளில் வாசகன் என்று இருந்தது நான் ஒருவன்தான். பையை எடுத்துக்கொண்டேன்.

“எங்க போற?”

“தெரியலீங்க.”

“புது புக்கு கட்டு வந்து கெடக்குது, அட்டை போட ஆளு இல்ல. காலைல வா. உன் எழுத்து குண்டு குண்டா இருக்குது. என்னுத மாதிரி இல்ல.”

பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டுக் காலையில் போனேன். பசைக் கிண்ணம், பழுப்புத் தாள், கத்தரிக்கோல். பத்துப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்ததும் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி என் முன் வைத்து, நீலப் பேனாவை நீட்டினார்.

“நல்லதா ரெண்டு வரி எழுது.”

“படிச்சுட்டு எழுதறேங்க.”

“படிச்சா மறுபடியும் பொய்னு எழுதுவ.”

படிக்காமலே எழுதினேன்.