கிணற்றுத் தண்ணீரில் ஓடாத கார்

எங்கள் கார் பெற்றோலில் ஓடுவதல்ல, நீராவியில் ஓடுவது. கப்பல்துறைப் பட்டறையில் வேலை செய்த என் கணவர், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைத் தோட்டத்துரையிடம் அதை வாங்கியிருந்தார். அதைச் செய்த அமெரிக்கக் கம்பனி சில வருடங்களே நடந்து மூடப்பட்டதைப் பிறகுதான் அறிந்தோம். உதிரிப்பாகம் கேட்டு எழுதிய கடிதம், அப்படியொரு தொழிற்சாலை இங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மிஞ்சியது ஆங்கிலக் கைநூல் ஒன்று. அதை வாசித்து அவருக்குச் சொல்வது என் வேலை.

ஜப்பான்காரன் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட காலை, ஊர் கடலை விட்டு உள்ளே கந்தளாய்ப் பக்கம் நடக்கத் தொடங்கியது. எட்டு மாத மகளுக்கு வயிற்றோட்டம். வெயிலில் தூக்கிக்கொண்டு நடக்கப் பயந்தேன். காரோ சூடேற அரை மணி நேரம் கேட்டது.

"ஊரெல்லாம் ஓடுது, நாங்கள் தேத்தண்ணி கொதிக்கக் காத்திருக்கிறம்" என்றார் மாமி, என் கணவரின் தாய்.

காரின் தண்ணீர்த் தாங்கியை நிரப்பும்படி கணவர் என்னிடம் சொன்னார். குசினியில் இரண்டு குடம். ஒன்றில் எங்கள் கடலோரக் கிணற்றின் உவர்த் தண்ணீர், கழுவுவதற்கு. மற்றதில் வண்டிக்காரன் கொண்டுவந்த நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர்தான் விடவேண்டும், உப்புத் தண்ணீர் கொதிகலனில் நுரைத்துவிடும் என்று வாசித்துச் சொன்னவளே நான்தான். ஆனால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பேன்? உவரை ஊற்றிவிட்டு, நல்ல குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

பாதி வழி தாண்டியதும் கார் வெள்ளை நுரை கக்கி நின்றது. இரு பக்கமும் காடு. எங்கோ விமான இரைச்சல்.

"என்ன தண்ணி விட்டனீர்?" என்றார் கணவர்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "கிணத்துத் தண்ணி."

அவர் தாங்கியின் அடியிலிருந்த குழாயைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டுக் கையை நீட்டினார். நான் குடத்தை இறுக்கிப் பிடித்தேன்.

"குடத்தைக் குடு, பிள்ளை," என்றார் மாமி. "கந்தளாயில குளம் நிறையத் தண்ணி கிடக்கு."

"போய்ச் சேராட்டி, மாமி?"

"இதிலயே நிண்டா மட்டும் இந்தக் குடம் எத்தினை நாளைக்கு?"

பிள்ளையின் போத்தலை நிரப்பிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தேன். மறுபடி அரை மணி நேரம். பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு கைநூலைப் பிரித்தேன். முதற் பக்கத்தில் அந்தத் தொழிற்சாலையின் படம். வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் துணை நிற்போம் என்ற உறுதி. அதை எழுதியவர்களும் நம்பித்தான் எழுதியிருப்பார்கள்.

கொதிகலன் சீறியது. கந்தளாய்க் குளக்கட்டு தெரிந்தபோது போத்தலில் ஒரு மிடறு இருந்தது. அதை உடனே கொடுக்கத் துணிவில்லை. குளத்தருகே போய்க் கார் நிற்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.