பவளக் காளானும் காபி டபராவும்

“தயிர் வைக்க இடமில்லை, உன் காளானுக்கு மட்டும் ஃப்ரிட்ஜில் தனி ரூமா?”

கணவரின் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கிவிட்டது. பவளக் காளானுக்குப் பேர் கண்டுபிடிக்கிற வேலையில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் வரும். ஃப்ரிட்ஜில் எதையாவது ஒளித்து வைத்து வாங்கிக்கட்டிக்கொள்ளும் சகோதரிகளே, கேளுங்கள்.

தோப்பில் குப்புற

மழை விட்ட மறுநாள், மாமல்லபுரம் போகும் வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன். சவுக்குச் சருகுக்கு நடுவே மஞ்சளாய், கிளை கிளையாய், கடலுக்கடியில் இருக்க வேண்டியது வழிதவறிக் கரையேறின மாதிரி ஒரு கொத்து! படமெடுக்கக் குப்புறப் படுத்தேன். புடவையோடுதான், வேறென்ன செய்வது? சுள்ளி பொறுக்க வந்த அம்மாள் சுமையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா, கம்மல் வுயுந்துட்சா? நவுரு, நான் தேட்றேன்.”

சொந்தமா, இல்லையா?

“எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, இதுல பிரிக்க என்ன இருக்கு?” என்றாள் எதிர் ஃப்ளாட் லலிதா. அந்தக் காலத்தில் காளான் ஆராய்ந்த பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கிளை விட்டிருந்தால் போதும், ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள், மரபணுவைப் பார்த்தார்கள். உருவம்தான் ஒன்று, வம்சம் வேறு வேறு. ஒன்று ரப்பர் போல் வளைகிறது, இன்னொன்று பட்டென்று ஒடிகிறது. விதைக்குப் பதிலாக உதிர்க்கும் பொடி ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குக் காவி. அந்த நிறம் தெரியாவிட்டால் எங்கள் காளான் குழுவில் என் மஞ்சள் கொத்துக்குப் பேரே கிடைக்காது.

லலிதா யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வீட்லயும் எல்லாருக்கும் ஒரே மூக்குதான். ஆனா ஒருத்தருக்கொருத்தர் பேச்சே கிடையாது.”

டபரா

பொடி எடுப்பது லேசு. பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளில் ஒரு கிளையை வைத்து ராத்திரி முழுக்க விட வேண்டும். முதல் கிளையைக் காபி டபராவால் மூடினேன். எங்கள் கேளம்பாக்கத்துப் புழுக்கம், உள்ளே வியர்த்துத் தாள் நனைந்துபோச்சு. இரண்டாவதைத் திறந்து வைத்தேன். ஃபேன் காற்றில் பொடி பறந்தே போச்சு. மழையும் நின்றுவிட்டது, தோப்பில் வேறு கொத்து இல்லை. ஃப்ரிட்ஜில் மிச்சம் ஒரே கிளை, அதுவும் வாடுகிறது.

கணவர் டபராவை முகர்ந்து பார்த்தார். “கழுவினியா, இல்ல நான் குடிக்கிறதுதான் உன் அடுத்த டெஸ்டா?”

இந்த வேலையில் காளானோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை, காற்றோடும் கட்டினவரோடும்தான். கடைசிக் கிளையை, எறும்பு வராத ஒரே இடமான படுக்கையறை மேஜையில் வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு கேட்கிறேன்:

“என்னங்க, ப்ளீஸ், இன்னிக்கு ஒரு ராத்திரி ஃபேன் போடாம படுக்கலாமா?”