இடது கால்

ஆறிப்போன கஷாயம் மாதிரி கருப்பாக ஒன்றை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மருமகன் எதிரில் உட்கார்ந்துகொண்டார். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பாட்டில்.

"ஏழு வருஷம் வச்சிருந்த ஸ்ட்ராங் ஏல் மாமா, பீர் மாதிரிதான். மெதுவா குடிச்சிட்டு, வாயில என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்தவன். இந்த வயதில் எனக்குப் பரீட்சை!

மோந்து பார்த்தேன். முதலில் பனைவெல்லம். அப்புறம் பேரீச்சம்பழம். அதற்கும் பின்னால், சொன்னால் சிரிப்பீர்கள், ஈரமண். எங்கள் தறிக்குழி மண்.

தறிக்குழி தெரியுமில்லையா? நெய்கிறவன் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டு, கட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கிற பள்ளம். கோடையிலும் சில்லென்று இருக்கும். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், சிநேகிதன் கொடுத்த ஸ்ட்ராங் பீர் பாட்டிலை அதற்குள் படுக்கவைத்திருந்தேன். வேறு நாளே கிடைக்காத மாதிரி அன்றைக்கு வந்து நின்றார், தனத்தின் அப்பா.

தனத்தை முசரவாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ, மாப்பிள்ளையைத் தறியில் வைத்துத்தான் எடைபோடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்த நெசவுக்காரர். குடிக்கிறவன் நிழல்கூட ஆகாது அவருக்கு.

"எழுந்துக்காதீங்க தம்பி. நெய்ங்க, பாக்கறேன்."

மிதித்தேன். பாட்டில் உருண்டு கட்டையில் மோதியது. டங். சட்டென்று இடது காலால் அதைக் குழிச்சுவரோடு அமுக்கினேன். மிச்சம் ஒரு கால். இரண்டு கட்டையையும் அதை வைத்தே தாவித் தாவி மிதித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். காலை எடுத்தால் டங். எடுக்காவிட்டால் தாளம் தப்புகிறது. வியர்வை மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இன்னா தம்பி, இடது கால்ல எதனா குறையா?"

குடிகாரனா, நொண்டியா? ரொம்ப யோசிக்கவில்லை.

"ஆமாங்க மாமா. சின்ன வயசுலேர்ந்தே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தினி பேரு எத்தினி மறைக்கறான்! கேட்டதும் ஒத்துக்கினீங்களே. எம் பொண்ணு உங்களுக்குத்தான்."

மணவறையை நொண்டிக்கொண்டே சுற்றி வந்தேன். மூன்றாம் நாள், என் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கை இரண்டிரண்டு படியாகத் தாவித் துரத்தியதைத் தனம் பார்த்துவிட்டாள். உண்மையைச் சொன்னேன். விக்கல் வரும்வரை சிரித்தாள். அப்புறம் முகம் மாறியது.

"மூச்சு உடாதய்யா. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை இட்டுக்கினு பூடுவாரு."

மாட்டிக்கொண்டேன். போகிற இடமெல்லாம் மாமனார், "இவருதான் பொய்யே பேசாத நம்ம மாப்ள" என்பார். தேர்க்கூட்டத்தில் நொண்டினேன். மழையில் எல்லாரும் ஓடும்போது நான் மட்டும் நொண்டி நனைந்தேன். மறந்துபோய் வலது காலை இழுத்தால், முதுகுக்குப் பின்னாலிருந்து தனம் கிசுகிசுப்பாள்: "இடதுய்யா, இடது!" பாட்டிலைக் குழிக்குள்ளேயே மண்போட்டு மூடிவிட்டேன். வெளியே எடுக்கத் தைரியமில்லை.

ஒன்பது வருஷம் கழித்து மாமனார் போனார். பாடையைத் தூக்கிக்கொண்டும் நொண்டினேன். பார்க்க அவர் இல்லைதான். ஆனாலும் அவரை அனுப்பிவைக்கிற அன்றைக்கு நேராக நடக்க மனசு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் பாட்டிலைத் தோண்டியெடுத்தேன். மூடி துருப்பிடித்திருந்தது. நுரை வரவில்லை. ஈரமண்ணும் பழைய பேப்பரும் கரைத்த ருசி. தனம் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"தூ! இதுக்காய்யா ஒம்போது வருஷம் நொண்டிக்கினு இருந்த?"

சிரிக்க ஆரம்பித்தவள் அப்பாவை நினைத்து அழுதாள். அழுதுகொண்டே மறுபடி சிரித்தாள்.

"மாமா, என்ன தெரியுதுன்னு சொல்லவே இல்லையே?" என்றார் மருமகன்.

"நல்லா இருக்குதுங்க மாப்ள" என்றேன். ஒன்பது வருஷம் வைத்தவனிடம் ஏழு வருஷத்தைப் பற்றிக் கேட்கிறார், பாவம்.

குழியை மூடி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. அதன்மேல்தான் நான் உட்கார்ந்திருக்கும் இந்த சோபா. தனம் போய் இரண்டு வருஷம். டம்ளரைக் கழுவ எழுந்தேன். இப்போது வலது முட்டி நிஜமாகவே வலிக்கிறது. வலது காலை இழுத்து இழுத்துச் சமையலறைவரை நடந்தேன்.

பின்னாலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.