பாமன்கடை அலுமாரியில் பத்துப் போர்வைகள்

எங்கள் பாமன்கடை வீட்டின் சமையலறை வாசலில், ஓர் ஆணியில், கொக்கித் தராசு ஒன்று தொங்குகிறது. உள்ளங்கை அளவுதான். மேலே பிடி, கீழே கொக்கி, நடுவில் கிலோவைக் காட்டும் முள். சூட்கேஸின் பிடியைக் கொக்கியில் மாட்டி இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பிடித்தால், முள் ஆடி ஆடி ஓரிடத்தில் வந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப் போகிற எங்கள் வீட்டு மனிதர்களின் பயணம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, இந்த முள்ளில்தான் தொடங்கும். என் கணவர் அதை வாங்கி வந்த நாளில் நல்ல சாமான் என்று மெச்சியவள் நான். இன்றைக்கு அதை எறியவும் மனம் வருகுதில்லை, ஏறிட்டுப் பார்க்கவும் மனம் வருகுதில்லை. மச்சாளின் போர்வைகளைப் போக விடாமல் மறித்தது அந்தத் தராசுதான் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தராசு என்ன செய்யும்? தூக்கிப் பிடித்த கைகளில் ஒன்று என்னுடையது.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் மூத்த அக்காவை, என் மகளுக்கு அவர் மாமி. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கலியாணம் செய்யவில்லை. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி தங்கையை ஒவ்வொருவராகக் கொழும்புக்கு எடுத்து, படிப்பித்து, பிறகு ஒவ்வொருவராக விமானம் ஏற்றி விட்டதும் அவர்தான். ஒரு தம்பி கனடா, தங்கை லண்டன். கடைசித் தம்பியான என் கணவர் மட்டும் போகவில்லை. வேலையிலிருந்து நின்ற மறுமாதமே மச்சாள் போர்வை தைக்கத் தொடங்கினார். கொழும்பு வெக்கையில் இது ஆருக்கு மச்சாள் என்று கேட்டேன். "இஞ்ச இருக்கிற ஆக்களுக்கில்லை. போன ஆக்களுக்கு," என்றார்.

அவர் தைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். கடையில் துணி வாங்க மாட்டார். யாருக்குப் போர்வையோ அவர்களுடைய உடுப்புத்தான் அந்தப் போர்வை. தம்பி விட்டுப்போன வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை, தங்கை முதல் வேலைக்குக் கட்டிய நீலச் சேலை, கலியாண வீட்டுக்கென்று தைத்து அளவு பிழைத்துப்போன சட்டைகள் எல்லாம், பெயர் எழுதிய தலையணை உறைகளுக்குள் அவருடைய கட்டிலின் கீழே கிடக்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே ஏது உடுப்பு? விடுமுறைக்கு வருகிறபோது அவர்கள் மறந்துவிட்டுப் போகும் ரீசேட்டுகளை எடுத்து வைப்பார். மறக்காத பிள்ளைகளை மறக்கப் பண்ணியும் எடுப்பார், அந்த விஷயத்தில் அவர் சரியான கள்ளி. எல்லாவற்றையும் சாண் அளவு சதுரங்களாக வெட்டிப் பொருத்தி, அடியில் ஒரு விரிப்பு, நடுவில் புறக்கோட்டையில் வாங்கிய பஞ்சு வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே நூலோடுவார். ஒரு போர்வைக்கு மூன்று மாதம் எடுக்கும். மூலையில் சங்கிலித் தையலில் பெயர் இருக்கும். நடுச் சதுரம் மட்டும் எல்லாப் போர்வைக்கும் ஒன்றே: அவர்களுடைய அம்மா கோயிலுக்குக் கட்டிய கடுகு மஞ்சள் சேலை. அதை முதல் நாளே பத்துத் துண்டாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிட்டார். கனடாவுக்கு நாலு, லண்டனுக்கு ஐந்து, பத்தாவது என் மகளுக்கு. அப்போது அவளுக்குப் பத்து வயது. அவள் இங்கேதானே இருக்கிறாள் என்றேன். "அவளும் போவாள்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலில் வந்தது கனடாத் தம்பியின் குடும்பம், எனக்கு அவர் அத்தான். மச்சாள் நாலு போர்வையையும் சபையில் மாலை போடுவதுபோல ஒவ்வொருவர் தோளிலும் போட்டுப் பார்த்தார். அத்தான் தன்னுடைய பள்ளிக்கூடச் சட்டைத் துண்டைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கியதை நான் கண்டேன். அது நடிப்பில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மச்சாள் விமான நிலையத்துக்கு வருவதில்லை. வழியனுப்பி வழியனுப்பிக் களைத்துப் போனார், மாடி பல்கனியில் நின்று கை காட்டுவதோடு சரி. வான் அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வரும், தராசுக்காக. அன்றைக்குச் சூட்கேஸ்களைத் தூக்கினால் பத்துக் கிலோ கூட. எல்லோரும் நிலத்தில் குந்தியிருந்து சாமான்களை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். மிளகாய்த்தூளை விடேலாது. ஒடியல் மாவை விடேலாது. பனங்கட்டியை அத்தானின் மனைவியுடைய தாயார் கேட்டிருந்தார். கருவாட்டைத் தொட அத்தானே விடவில்லை. போர்வை ஒன்று இரண்டரைக் கிலோ. நாலு போர்வை பத்துக் கிலோ. கணக்குச் சரியாக வந்தது. "இப்ப இது இருக்கட்டும், அடுத்தமுறை வரேக்க கொண்டு போறம். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்," என்றார் அத்தான். வான்காரன் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். நாலையும் தூக்கிக் கொண்டுபோய் மகளின் அறை அலுமாரியில் வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து லண்டன் தங்கை குடும்பத்தோடு வந்தார். அதே தராசு, அதே குந்தியிருப்பு, அதே வசனம். ஐந்து போர்வைகளும் அந்த நாலோடு சேர்ந்தன. கப்பலில் அனுப்பி விடட்டுமா என்று இரண்டு பக்கமும் கேட்டேன். வீடு முழுக்க ஹீட்டர், இதுக்குள் அதுவும் எதற்கு, நீங்கள் வீணாகக் கரைச்சல்படாதேங்கோ என்றார்கள். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் சத்தியக் கடதாசிகளைத் தட்டச்சுச் செய்கிறவள் நான். 'இதில் கூறப்பட்டவை யாவும் உண்மை' என்று எத்தனை ஆயிரம் தரம் அடித்திருப்பேன். வீட்டில் முழுப் பூசணிக்காய்கள் ஒன்பதைச் சோற்றுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் மச்சாளோடு மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அவர் கைத்தொலைபேசியில் கனடாவைக் கூப்பிடுவார். அத்தானின் முகம் வந்ததும் முதல் கேள்வி அதுதான். "போர்வை எப்பிடி? மெஷினில போட்டுத் தோய்க்காதேங்கோ, நூல் விடும்." அத்தான் சிரித்துக்கொண்டு, "ஓம் அக்கா, அதுக்குள்ளதான் கிடக்கிறன். எழும்பவே மனமில்லை," என்பார். மச்சாள் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பி, கேட்டீரோ என்பதுபோலப் பார்ப்பார். நான் மீன்முள் தொண்டையில் சிக்கியதுபோல இருமிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழும்புவேன். பொய் சொன்னவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தார். அதைக் கேட்டுக் குளிர்ந்த முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

பிறகு கனடா அத்தானின் மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மச்சாளுக்கு விசா கிடைத்தது. வாழ்நாளில் முதல் தரம். அன்று மாலையே அத்தானைக் கூப்பிட்டு, போர்வை நாலும் இங்கேதான் கிடக்கிறது, மச்சாள் வரப்போகிறா, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அவவின்ர சூட்கேசுக்குள்ளயே அடியில ரெண்டை வைச்சு விடேலாதோ?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பொதி அனுப்புகிற இடத்தில் விசாரித்தேன். எப்படி அனுப்பினாலும் இரண்டு கிழமை எடுக்கும் என்றார்கள். மச்சாளின் பயணத்துக்கு இருந்தது எட்டு நாள். அந்த எட்டு நாளில் மூன்று தரம், உண்மையைச் சொல்வதென்றே வெள்ளவத்தைக்குப் போனேன். மூன்று தரமும் அவர் மகளின் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பயணத்தன்று மச்சாளின் சூட்கேஸையும் எங்கள் வீட்டில்தான் நிறுத்தோம். முள் அளவுக்குள் நின்றது, ஒரு கிலோ குறைவாகவே. அவருக்குப் பெருமை. "பாத்தீரே, நான் ஒரு கம்பளிகூட வைக்கேல்ல. ஏன் வைக்க? அங்கதான் நாலு கிடக்கே," என்றார். ஐப்பசி மாதம், அங்கே குளிர் தொடங்குகிற நேரம். மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. அலுமாரி ஆறடி தூரத்தில். என் கணவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மூன்று மாதம் நிற்கப் போனவர் ஐந்தாவது கிழமையில் திரும்பி வந்தார். அங்கே நடந்ததை அத்தான் முதலே தொலைபேசியில் சொல்லியிருந்தார். போர்வைகள் சலவைக்குப் போயிருக்கின்றன என்றார்களாம். கடையில் வாங்கிய தடித்த போர்வை ஒன்றைக் கொடுத்தார்களாம். "அக்கா ஒண்டும் கேக்கேல்ல," என்றார் அத்தான், பெரிய கண்டம் தப்பியவர்போல. அக்கா ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்பது அவருக்கு எப்படித் தெரியாமல் போனது? கட்டுநாயக்காவிலிருந்து வருகிற வழியில், கலியாணம் எப்படி, கனடா எப்படி என்று நான் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். மச்சாள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல குளிர்," என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். சனிக்கிழமை காலை வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. மச்சாள் ஒரு பெரிய பையோடு இறங்கினார். உள்ளே வந்து, கதிரையில் இருக்காமல், நேரே மகளின் அறைக்குப் போனார். "இது உம்மட மகளின்ர. முடிஞ்சுது. அலுமாரியைத் திறவும்," என்றார். நான் அசையாமல் நின்றேன். "அங்க போய்ச் சுத்தி இஞ்சதானே வரப்போகுது. நேர வைச்சிட்டால் ஆருக்கும் பாரமில்லை. திறவும் பிள்ளை." திறந்தேன். ஒன்பது போர்வைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துப் போட்டார். நான் மடித்த மடிப்புச் சரியில்லையாம். ஒவ்வொன்றாக உதறி, பெயர் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, வயது வரிசைப்படி அடுக்கினார். பையிலிருந்து பூச்சி உருண்டைகளை எடுத்து இடையிடையே வைத்தார். பூச்சி உருண்டையை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார் என்றால் எல்லாவற்றையும் யோசித்து முடித்துத்தான் வந்திருக்கிறார். தராசு எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் போர்வையும் இருக்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் எடுத்திருக்காது.

"மச்சாள், நான்..." என்று தொடங்கினேன்.

"சீனி போடாமல் தேத்தண்ணி ஒண்டு தாரும்," என்றார்.

அவர் என்னை ஏசியிருக்கலாம். நீரும் சேர்ந்துதானே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது அழுது தீர்த்திருப்பேன். அதற்கு அவர் இடம் தரவில்லை. தேத்தண்ணி குடித்தார், மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார், போனார். அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் கனடாவைக் கூப்பிட்டார். போர்வையைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. ஊசியையும் எடுக்கவில்லை. பிஸ்கட் டின் வெறுமையாகிவிட்டது, தைத்து முடிந்துவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அடுத்த வருடம் மழைக்காலத்தில், இரண்டே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கும் தங்கைக்கும் வந்துசேர நேரம் போதவில்லை. கைத்தொலைபேசித் திரையில் பார்த்து அழுதார்கள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

மச்சாள் சொன்னபடியே என் மகளும் போனாள், மெல்பேர்னுக்குப் படிக்க. இந்த முறை நான் உறுதியாக இருந்தேன். சூட்கேஸில் முதல் வைத்ததே அந்தப் போர்வையைத்தான், அடியில், அசைக்க முடியாதபடி. மற்றதெல்லாம் அதற்குமேல். நானும் என் கணவரும் தராசைத் தூக்கிப் பிடித்தோம். முள் ஆடி நின்றது. இரண்டரைக் கிலோ கூட. சப்பாத்தை எடுத்தோம், புத்தகத்தை எடுத்தோம், படிப்புக்கு வேண்டும் என்று திரும்ப வைத்தோம். மிளகாய்த்தூளில் நான் கை வைத்தபோது, "அம்மா, அது இல்லாமல் நான் அங்க என்னத்தைச் சாப்பிடுறது?" என்றாள். போர்வையை எடு என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவும் சொல்லவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை அடிவரை விட்டு நான்தான் இழுத்து எடுத்தேன். "அடுத்தமுறை வரேக்கக் கொண்டு போறன் அம்மா," என்றாள். மாமிக்குச் சொல்ல வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

போன ஞாயிறு மகள் கூப்பிட்டாள். அங்கே இப்போது குளிர்காலம். எப்படிப் பிள்ளை என்றேன். "நல்ல குளிர் அம்மா," என்றாள். மாமியின் போர்வையை அனுப்பிவிடட்டே, தபாலில் போட்டால் வந்து சேரும் என்று அவசரப்பட்டுச் சொன்னேன். "ஐயோ வேண்டாம் அம்மா, இஞ்ச ஒண்டு வாங்கிட்டன். அறைக்குள்ள வைக்கவும் இடமில்லை." சமையலறை வாசலில் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். யன்னலால் வந்த காற்றில் தராசின் முள் மெல்ல ஆடி, பூச்சியத்தில் நின்றது. "நல்லாப் போர்த்துக்கொண்டு படு பிள்ளை," என்றேன்.