வெள்ளைக்காரனின் இடது கை

அந்த வெள்ளைக்காரன் சுண்டுவிரலை வெட்டிக்கொண்டானா இல்லையா என்று எங்கள் வீட்டில் ஐந்து நாள் சண்டை நடந்தது. சினிமாவில் வந்த விரல்தான். நான் தனிக்குடித்தனம் போவதா வேண்டாமா என்பது அந்த விரலை நம்பித்தான் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போகட்டும்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்திருந்தேன். மாமனாருக்குத் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. எங்களுக்கென்று கொடுத்த அறையில் பாதியில் நாங்கள், பாதியில் புண்ணாக்கு மூட்டை. கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. விடிந்தும் விடியாமல் மாமனார் "மூட்ட எடுக்க வாரேன்" என்று குரல் கொடுப்பார். குரலும் ஆளும் ஒன்றாகத்தான் உள்ளே வரும். பின்னாலேயே கொழுந்தன். நான் சேலையை அள்ளிச் சுருட்டிக்கொண்டு மூட்டையோடு மூட்டையாக நிற்பேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு எந்தப் பூ வைத்தாலும் புண்ணாக்கு வாசம்தான் அடித்தது.

என் வீட்டுக்காரருக்குச் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் பிட்டர் வேலை. அங்கே அவருக்குக் கோட்டர்ஸ் கொடுப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கு."

வெள்ளிக்கிழமை மில்லில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அதிகம் என்பதே மரியாதைக்குச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பின்னாலிருந்து இடித்த இடியில்தான் தன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். மாமனார் தலையை ஆட்டி முழுசாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "எல்லாரும் கெளம்புங்க. படத்துக்குப் போவோம்" என்றார். பேச்சை மாற்ற அந்த மனுஷனுக்கு வேறு வழி தெரியவில்லை.

மாமனார், அத்தை, கொழுந்தன், நாங்கள் இரண்டு பேர். போன தமிழ்ப்படம் ஹவுஸ்புல். வெளியே பிளாக்கில் விற்றவனிடம் மாமனார் விலை கேட்டுவிட்டு அவனுடைய வம்சத்தையே திட்டினார். திரும்பிப் போகலாம் என்றார் அத்தை.

"இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுட்டு வந்திருக்கேன். எந்தப் படத்தையாச்சும் பாத்துட்டுத்தான் வருவேன்."

அப்படித்தான் அடுத்த தியேட்டரில் ஓடிய இங்கிலீஷ் படத்துக்குள் போனோம். வெளியே போஸ்டரில் தமிழில், ஜப்பான் ரவுடிகளோடு வெள்ளைக்காரன் மோதும் சண்டைகள் என்று எழுதியிருந்தது. படம் பார்க்காதவன் எழுதியது. அவன் மோதவே இல்லை. அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.

கதை இதுதான். கப்பலில் சமையல் வேலை பார்க்கிற வெள்ளைக்காரன் ஒருவன் ஜப்பான் துறைமுகத்தில் கப்பலைத் தவறவிடுகிறான். ஒரு பொதுக் குளியல் தொட்டியில் கத்திக்குத்து வாங்க இருந்த கிழவரைக் காப்பாற்றுகிறான். கிழவர் பெரிய ரவுடிக் கூட்டத்துக்குத் தலைவர். இவனையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார். ஒரே கிண்ணத்தில் குடிக்கிறார்கள். முதுகு நிறையப் பச்சை குத்துகிறார்கள். கூட்டத்தில் தப்புச் செய்தவன் தன் சுண்டுவிரல் நுனியை வெட்டித் துணியில் சுற்றித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒருத்தன் அப்படிக் கொடுத்ததைக் காட்டினார்கள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா" என்று என் தொடையைக் கிள்ளினார். முடிந்த பிறகும் கிள்ளினார்.

பியூசியில் பெயிலான கொழுந்தன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன்.

"நாளைக்குச் சரக்கு வந்துரும்னு சொல்றான்."

கொஞ்ச நேரம் கழித்து, "சரக்கு இன்னும் வரலையேன்னு கேக்குறான்."

படம் முழுக்கச் சரக்கு வந்துகொண்டும் வராமலும் இருந்தது. ஜப்பான்காரர்கள் தங்களுக்குள் ஜப்பான் பாஷையில் பேசியதையும் மொழிபெயர்த்தான். "ஒனக்கு அதுவும் தெரியுமாடா?" என்று மாமனார் பெருமையாகக் கேட்டார். "குத்துமதிப்பா தெரியும்ப்பா" என்றான்.

எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்த வெள்ளைக்காரன் யாரென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாஷை தெரியாத வீட்டுக்கு வந்தவன். கால் மரத்துப்போனாலும் மண்டி போட்டு உட்கார்ந்தான். பிடிக்காததைத் தின்று தலையாட்டினான். கிழவர் சிரித்தால் சிரித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஊரில் கதவெல்லாம் காகிதம். தாழ்ப்பாளே கிடையாது. நினைத்தவன் நினைத்த நேரம் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தான். ஒவ்வொரு தடவை கதவு தள்ளப்படும்போதும் வெள்ளைக்காரன் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து சட்டையைத் தேடினான். தியேட்டரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

கடைசியில் அவன் ஊருக்குப் போகிறேன் என்று கிழவர் முன்னால் போய் நிற்கிறான். கிழவர் ஒன்றும் பேசவில்லை. வெள்ளைத் துணியை விரித்துக் கத்தியை வைக்கிறார். வெள்ளைக்காரன் இடது கையைத் துணிமேல் வைக்கிறான். கத்தியை எடுக்கிறான். அப்போது தேய்ந்துபோன பிலிமில் கோடுகோடாக மழை பெய்தது. படார் என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் அவன் கப்பல் மேல்தட்டில் நிற்கிறான், இடது கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது. படம் முடிந்துவிட்டது. சென்சார்காரன் வெட்டினானோ, தியேட்டர்காரன் வெட்டினானோ, எந்தப் பாவி வெட்டினானோ தெரியாது.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததுமே ஆரம்பித்தது. முதலில் அத்தை.

"என்ன ஒரு அடக்கம்! வந்த எடத்துல எப்படி ஒடுங்கி இருந்தான் அந்தப் பய. பாத்தியாத்தா?"

"பாத்தேன் அத்த. கப்பல்ல சமையல்காரன். அவனையே இவங்க சமைக்க விடல, உக்கார வச்சுச் சோறு போட்டாங்க. அதையும் பாத்தேன்."

மாமனார் குழம்பை ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "சோறு போட்ட கூட்டத்த விட்டுட்டுப் போறவன் விரலக் குடுத்துட்டுத்தான் போகணும். அதான் முறை. வெட்டிக் குடுத்துட்டுத்தான் போயிருக்கான். அதனாலதான் கைய ஒளிச்சு வச்சிருக்கான்."

"இல்லப்பா, பெரியவரு மன்னிச்சு விட்டுட்டாரு. நான்தான் வசனத்தக் கேட்டேன்ல" என்றான் கொழுந்தன்.

"என்னடா சொன்னாரு?"

"சரக்கு போனாப் போகுதுன்னு..."

அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது. மாமனார் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மாமா, அவன் விரல் முழுசா இருந்துச்சுன்னா எங்களக் கோட்டர்ஸுக்கு விடுவீங்களா?"

அத்தை வாயில் சோற்றோடு அப்படியே நின்றார். மாமனார் என்னைப் பார்த்தார். விரல் போய்விட்டது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"விடுறேன். விரல் இல்லேன்னா இந்தப் பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது."

"சரி."

படம் வியாழக்கிழமையோடு கடைசி. அதுவரை கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமனார் முழுக்கதையும் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். தவிடு வாங்க வந்த பால்காரர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"அண்ணே, சுண்டுவிரல் இல்லாட்டியும் பால் கறக்கலாம்ணே. பெருவிரல் போனாத்தான் கஷ்டம்."

"அவன் பால் கறக்கப் போகலய்யா, கப்பலுக்குப் போறான்."

"கப்பல்ல மாடு இல்லையாண்ணே?"

இன்னொருவர், அந்த ஊரில் அப்படித்தான் என்றால் கல்யாண மோதிரத்தை எந்த விரலில் போடுவார்கள் என்று கேட்டார். மூன்றாவது ஆள், வெட்டிய விரலை அந்தக் கிழவர் எங்கே வைப்பார் என்று கேட்டுவிட்டுத் தவிடு வாங்காமலே போய்விட்டார். நான் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கை தராசுத் தட்டில் பருத்திக்கொட்டையோடு சேர்ந்து நிறுபட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் போனோம். இந்தத் தடவை முன்வரிசை பெஞ்சு. விரல் பக்கத்தில் தெரியவேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். பொம்பளைகள் அங்கே உட்காருவது வழக்கமில்லை. அத்தை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கழுத்து ஒடியும்படி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு காட்சியிலும் மாமனார் அந்த இடது கையையே பார்த்தார். "இப்ப இருக்கு. இப்பவும் இருக்கு" என்று கணக்குச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு மார்க்கெட் ஆள், "பெருசு, எத எண்ணிக்கிட்டு இருக்கீக?" என்று கேட்டார். கொழுந்தனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டான். அவர் பக்கத்து ஆளுக்குச் சொன்னார். இடைவேளைக்குள் பெஞ்சு முழுக்க விஷயம் பரவிவிட்டது. கொஞ்சம் பேர் மாமனார் கட்சி. நிறையப் பேர் என் கட்சி.

கத்தி வந்தது. மழை பெய்தது. படார். கப்பல். இடது கை பைக்குள்.

"கைய வெளிய எடுடா!" என்று ஒருவர் கத்தினார்.

"டேய் வெள்ளை! அந்தத் தாயி குடித்தனம் போகணும்டா, எடுடா கைய!"

பெஞ்சு முழுக்கக் கத்தியது. வெள்ளைக்காரன் கரையைப் பார்த்தான். வலது கையால் தொப்பியைக் கழற்றினான். வலது கையால் ஆட்டினான். வலது கையாலேயே மறுபடி போட்டுக்கொண்டான். விளக்குப் போட்டுவிட்டார்கள். அவனை என் கையால் நாலு அறை அறைந்திருப்பேன்.

வெளியே வந்ததும் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "எடுக்கலேல்ல? இருந்தா எடுத்திருப்பான். விரல் இல்ல. முடிஞ்சுபோச்சு."

"குளிருக்கு வச்சிருப்பான் மாமா."

"தொப்பியக் கழட்டி ஆட்டுனானே, அந்தக் கைக்குக் குளிரலையா?" என்றார் அத்தை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஒரே ஆள் அவர்தான்.

"அப்பா, விரல் இருந்துச்சோ இல்லையோ. அவன் கப்பல் ஏறிட்டான்ல?"

மாமனார் நின்றுவிட்டார்.

"நாளைக்கு மில்லுல சரின்னு சொல்லப் போறேன்ப்பா."

அவ்வளவுதான் பேசினார். மாமனார் விறுவிறுவென்று முன்னால் நடக்க ஆரம்பித்தார். ஆரப்பாளையம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கடை வாசலில் நின்று பூட்டைத் திறந்துகொண்டே, அத்தையிடம் பேசுவது மாதிரி சொன்னார்.

"போறவக போகட்டும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இங்கதான் வரணும். கறி நான் எடுத்து வைப்பேன். கொழம்பு அவதான் வைக்கணும். ஒனக்கு வைக்கத் தெரியாது."

அத்தை அவரை முறைத்த முறைப்பில் பூட்டு தானாகவே திறந்திருக்கும். வாரத்தில் ஒரு நாளை வெட்டித் துணியில் சுற்றிக் கேட்கிறார் என்று புரிந்தது. கொடுத்தேன். மிச்ச நாளெல்லாம் எனக்கு மிஞ்சியதே.

கோட்டர்ஸுக்குப் போன முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் நிறுத்தவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஷிப்டு விழுந்துவிட்டது. நாங்கள் போகவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாமனார், இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். அந்த மனுஷன் ஒரு கதவைத் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"கைய வெளிய எடுங்க மாமா" என்றேன்.

எடுத்தார். மஞ்சப்பையில் கறி.

குழம்பு வைத்தேன். உப்புக் கம்மி என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.