பத்து விரலுக்கு ஒரு விசைப்பலகை

என் மகள் சொந்தமாக ஒரு பாஷை உண்டாக்கியிருக்கிறாள். எழுத்தும் அவளே வரைந்ததுதான். முதல்முறை நோட்டைக் கொண்டுவந்து காட்டியபோது, "தமிழ்ல பேரு எழுத வரல, இதுல புதுப் பாஷை வேறயா?" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும். அதன் பிறகு அவள் அந்த நோட்டை என் கண்ணில் காட்டவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருப்பதே இரண்டு அறை. அதில் பெற்ற பெண் முகம் கொடுக்காமல் நடமாடினால் எனக்குச் சோறு இறங்குமா?

ஒரு நாள் அவள் தோழியிடம் புலம்புவது காதில் விழுந்தது. எழுத்துகளைப் போனில் ஏற்றிவிட்டாளாம், தட்டுவதற்கு விசைப்பலகைதான் சரியாக அமையவில்லையாம். எனக்குக் கை பரபரத்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, அந்தத் தெம்பில் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவள் நான்.

"நான் அமைச்சுத் தரட்டுமா?"

சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு நோட்டைத் தந்தாள்.

எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மழைக்கு ஒரு சொல் இருந்தது. வருகிற மாதிரி இருட்டிவிட்டு வராமல் போகும் மழைக்குத் தனியாக இன்னொன்று. அடேயப்பா, இதைப் பார்த்தா சிரித்தேன்! அதிகம் வரும் எழுத்துகளை, பழகிய முறைப்படி, நடு வரிசையில் விரலுக்கு ஒன்றாகப் பரப்பி வைத்தேன்.

மகள் தட்டிப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரலும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடின.

"அம்மா, யே க்யா ஹை? போன்ல யாரும்மா பத்து விரலால அடிப்பாங்க?"

அவள் சிரித்தாள். நான் அசடு வழிந்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரல் எட்டுகிற இடத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினோம்.

முதல் வாக்கியத்தை நான் அடிக்கிறேன் என்றேன். 'அன்று நான் சிரித்தது தப்பு.' கடைசிச் சொல்லை நோட்டில் தேடினேன். இல்லை.

"தப்புக்கு என்ன வார்த்தை?"

"அது இன்னும் வெக்கல. நீயே ஒண்ணு வை."

மூன்று எழுத்து தட்டினேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துத் தலையாட்டி, "அச்சா" என்றாள். பேனாவை எடுத்து நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். பக்கத்தில், அர்த்தம் போடும் இடத்தில், ஹிந்தியில் எழுதினாள்: அம்மா அன்றைக்குச் சிரித்தது.