கேட்ட மழை

என் அக்காவின் கணவர் அவிநாசிக்குப் பக்கத்தில் மானாவாரிச் சோளமும் சில ஆடுகளுமாகப் பிழைத்தவர். மாடு பாலுக்கு, வேம்பு நிழலுக்கு, மழை வெள்ளாமைக்கு, எல்லாமே மனுசனுக்காகப் படைத்தது என்பார்.

"அப்பக் கட்டுவிரியன் எதுக்குங்க மாமா?" என்று சீண்டுவேன்.

"எலியத் திங்கறதுக்குத்தான். இல்லீன்னா உன்ற சோத்த எலியல்லோ திங்கும்?" என்று சிரிப்பார்.

அந்த வருசம் மழை தள்ளிப்போனது. புழுதியிலேயே விதைத்துவிட்டு, தினமும் முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார்.

மழை ஒரு சாயங்காலம் வந்தது. நான் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். மாமா இந்நேரம் சோளக்காட்டில் நனைந்துகொண்டு சிரிப்பார் என்று நினைத்தேன். அப்போதுதான் அக்கா போன் செய்தாள்.

"சாமி, மாமா எந்திரிக்க மாட்டீங்கறாரு. வா சாமி."

ஆடுகளை அவிழ்க்கப் போனவர்மேல் இடி விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில், உயிர் அங்கேயே போய்விட்டது என்றார்கள். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள், ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்றார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. அவர் விதைத்த சோளம் எந்த வருசமும் இல்லாதபடி வளர்ந்தது.

ஒரு நாள் காட்டோரம் நின்று அக்கா என்னைக் கேட்டாள்: "நமக்காகப் பேயற மழைன்னு சொல்லுவாரே. இது யாருக்குப் பேஞ்சுது சாமி?"

எங்கள்மேல் கோபம் கொண்ட ஒரு மழை என்றால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அதற்கு எங்களைத் தெரியவே தெரியாது. அவர் கும்பிட்டதும் தெரியாது, செத்ததும் தெரியாது. அது புரிந்தபின் வானத்தை அண்ணாந்து பார்க்கவே எனக்குக் கூசியது.

அந்தச் சோளத்தை அக்கா அறுக்கவில்லை. ஆடுகளை உள்ளே விட்டு மேயச் சொன்னாள். பிறகு அவற்றையும் விற்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது என் கம்பெனியிலேயே பனியன்களில் நூல் பிசிறு வெட்டுகிறாள். இடி இடித்தால் கத்தரியைப் போட்டுவிட்டு டேபிளுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பக்கத்தில் வேலை செய்யும் பீகார்ப் பெண் ஒருத்தியும் எதுவும் கேட்காமல் கூடவே குனிந்து போய், சத்தம் ஓயும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.